திறந்திருக்கும் எல்லா டிராயிங்கிலும்

டெக்சாஸில், ரிச்சர்ட்சனில் எங்கள் அலுவலகம் சின்னது. ஃபிரிஸ்கோ பக்கம் புதிது புதிதாக முளைக்கும் குடியிருப்புகளுக்குச் சாலையும் சாக்கடையும் வரைந்து கொடுப்போம். நகரசபைக்கு ஒருமுறை அனுப்பினால் நாற்பது ஷீட்டுக்குக் குறையாது. ஒவ்வொரு ஷீட்டும் கணினியில் தனி டிராயிங். தேதி ஒன்று மாறினால் போதும், நாற்பதையும் திறந்து, திருத்தி, சேமித்து, மூட வேண்டும். எனக்குப் பொறுமை பிறவியிலேயே கிடையாது. பக்கத்து கியூபிகிளில் இருந்த தோழிக்கு என்னைவிடக் கொஞ்சம் குறைவு. அவள் தூத்துக்குடி, நான் திருச்சி.

அதனால்தான் இருவரும் லிஸ்ப் என்ற நிரல்மொழியில் ஒரு ஸ்கிரிப்ட் எழுத உட்கார்ந்தோம். திறந்திருக்கும் எல்லா டிராயிங்கிலும் அது தானே போய் ஒரே திருத்தத்தைச் செய்துவிட வேண்டும். மதியச் சாப்பாட்டு நேரமெல்லாம் அதற்கே போனது. முதல் டிராயிங்கில் ஒழுங்காக ஓடும். அடுத்ததற்குத் தாவியதும் அப்படியே நின்றுவிடும். ஒரு டிராயிங்கில் ஓடும் லிஸ்ப் அதைவிட்டு வெளியே நடந்து போகாது என்பது எங்கள் மண்டையில் ஏற மூன்று வாரம் ஆயிற்று. ஒருநாள் அவள் எலுமிச்சை சாதக் கையோடு வந்து என் நாற்காலியைத் தட்டினாள்.

"ஏட்டி, நாம ஏன் தாவணும்? இருக்க எடத்துல இருந்துக்கிட்டே ஒவ்வொண்ணா கூப்பிடுவோம்."

அன்று நாற்பதும் நிற்காமல் ஓடின. நாங்கள் போட்ட கூச்சலில் மேலாளர் அறையிலிருந்து எழுந்து வந்துவிட்டார்.

அதற்கப்புறம் சும்மா இருப்போமா? தேதிக்கு ஒன்று, பிரிண்டுக்கு ஒன்று என்று எழுதித் தள்ளினோம். ஒரு டிசம்பரில் சர்ச்சில் நடக்கும் தமிழ்ப் பூசைக்காக அவள் கிறிஸ்துமஸ் குடிலை அளவெடுத்து வரைந்து, மூட மறந்துவிட்டாள். பிரிண்ட் ஸ்கிரிப்ட்டுக்குச் சாக்கடையும் ஒன்றுதான், மாட்டுத்தொழுவமும் ஒன்றுதான். நகரசபைக்குப் போன ஷீட்டுக் கட்டோடு கடைசி ஷீட்டாகக் குடிலும் போய்ச் சேர்ந்தது. திரும்பி வந்தபோது அதன்மேல் சிவப்பு மையில் ஒரு குறிப்பு: 'கூரையிலிருந்து மழைநீர் எங்கே வடிகிறது என்று காட்டவும்.' இருவரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது.

போன கோடையில் ஆட்குறைப்பு என்று அவளை லே ஆஃப் செய்தார்கள். அவள் விசாவை நம்பித்தான் கணவரும் மகளும் இங்கே இருந்தார்கள். அறுபது நாளுக்குள் வேறு வேலை கிடைக்காவிட்டால் மூவரும் கிளம்ப வேண்டும். தினமும் வேலை முடிந்து காரில் ஏறியதும் அவளுக்குப் போன் போடுவேன். ஒரு இன்டர்வியூ நன்றாகப் போனது என்பாள். இன்னொன்றில் பதிலே இல்லை என்பாள். ஐம்பதாவது நாள், "டிக்கெட் போட்டாச்சுட்டி" என்றாள்.

அதே வாரம் எங்கள் பழைய ஷீட்டுக் கட்டு ஒன்றை நகரசபைக்கு மறுபடி அனுப்ப வேண்டி வந்தது. எல்லா ஷீட்டிலும் 'வரைந்தவர்' கட்டத்தில் அவள் இனிஷியல் இருந்தது. இனி பதில் சொல்லப்போவது நீதானே, உன்னுடையதாக மாற்றிவிடு என்றார் மேலாளர். நியாயமான பேச்சுதான். எனக்கு அவர் கழுத்தை நெரிக்கத் தோன்றியது. கையாலேயே மாற்றலாமா என்று யோசித்தேன். நாற்பத்திரண்டு தடவை அவளை அழிக்கத் தெம்பில்லை. எல்லாவற்றையும் திறந்து வைத்து, ஸ்கிரிப்ட்டை ஓட விட்டுவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அவளிடம் மறைக்க மனம் வரவில்லை. அவள் போனை எடுத்தபோது பின்னால் அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டும் சத்தம் கேட்டது.

"உன் இனிஷியல எடுத்துட்டு என்னோடத போடச் சொன்னாங்கடி. போட்டுட்டேன்."

டேப் சத்தம் நின்றது.

"கையாலயா, நம்ம ஸ்கிரிப்ட்லயா?"

"ஸ்கிரிப்ட்லதான்."

"எத்தன ஷீட்டு?"

"நாப்பத்தி ரெண்டு."

"எங்கயாவது நின்னுச்சா?"

"இல்லடி. எங்கயுமே நிக்கல."

"பின்ன? நாம எழுதுனதுல்லா," என்றாள். குரலில் கோபமே இல்லை, பெருமைதான் இருந்தது. அழுதது நான்தான்.