சாப்பிட்டேன் என்று சொன்ன ஸ்கிரிப்ட்

தொண்ணூறுகளின் நடுவில் அம்பத்தூர் எஸ்டேட்டில் இரும்புத் தகடு வெட்டும் கம்பெனி ஒன்றில் நானும் என் நண்பனும் கம்ப்யூட்டர் வேலை பார்த்தோம். தகட்டை எப்படி வெட்டினால் கழிவு குறையும் என்று கணக்குப் போடும் புரோகிராமை சி மொழியில் எழுதியவன் அவன்தான். சரியான குசும்பன். ஓட்டினால் முதல் கேள்வியே ஆங்கில எழுத்தில், "துன்னியா?" ஆம் என்று தட்டினால் வேலை நடக்கும். இல்லை என்றால், "போய் துன்னுட்டு வா" என்று சொல்லி மூடிக்கொள்ளும்.

மஞ்சள் காமாலை அவனைக் கொண்டுபோய்விட்டது. அவன் எழுதிய சோர்ஸ் கோடு இருந்த ஃப்ளாப்பியும் கெட்டுப்போயிருந்தது. கம்பைல் செய்த கோப்பு மட்டும் மிஞ்சியது. அதை ஓட்டலாம், உள்ளே ஒரு எழுத்தைக்கூட மாற்ற முடியாது. வேலையை அவன் மனைவிக்குக் கொடுத்தார்கள். சேக்காட்டிலிருந்து வருவார், காலையில் அதை ஓட்டிப் பட்டியல் எடுப்பார்.

பட்டியல் தாமதமாகிறது, புரோகிராம் அடிக்கடி மூடிக்கொள்கிறது என்று மேனேஜர் குதித்தார். ஆள் தொடாமல் தானாக ஓட வை என்றார். பெர்ல் மொழியில் ஒரு ஸ்கிரிப்ட் எழுதினேன். தகட்டின் கனம், அளவு, பிரிண்டர் எல்லாவற்றையும் செட்டிங்ஸ் கோப்பில் எழுதி, புரோகிராமைக் கிளப்பி, அது கேட்பதற்கெல்லாம் ஸ்கிரிப்டே பதில் கொடுத்துவிடும்.

நண்பன் மனைவியிடம் ஓட்டிக் காட்டினேன். திரையில் எதுவும் வராமல் பட்டியல் அச்சானது.

"இனிமே அது கேக்காதாண்ணா?"

"கேக்கும்மா. ஸ்கிரிப்ட் பதில் சொல்லிடும்."

"இன்னான்னு?"

"சாப்ட்டேன்னு."

அச்சான பட்டியலைக் கிழித்து எடுத்தார். பிறகு சொன்னார். அவன் போனதிலிருந்து காலையில் சோறு இறங்குவதில்லையாம். அது கேட்கும்போது அவனிடம் பொய் சொல்ல மனசு வராமல், "இல்லை" என்று தட்டுவாராம். அது சாப்பிடப் போகச் சொன்னதும் டப்பாவைத் திறந்து நாலு வாய் சாப்பிட்டுவிட்டு வந்து மறுபடி ஓட்டுவாராம். தாமதம் அதனால்தான். மேனேஜரிடம் போய்க் கெஞ்சிப் பார்த்தேன். பாவம்தான், ஆனால் ஸ்கிரிப்ட் ஓடட்டும் என்றுவிட்டார்.

மறுநாள் பட்டியல் நேரத்துக்கு வந்தது. நான் நண்பன் மனைவியின் மேசைக்குப் போய், சாப்பிட்டீர்களா என்று கேட்டேன்.

"ஆச்சுண்ணா" என்றார்.

டப்பா கட்டிய துணி அவிழாமல் இருந்தது. என்னிடம் பொய் சொல்ல அவருக்கு மனசு வந்தது.