மொட்டு அண்ணன் விற்ற மூன்று செடிகள்

செடிக்கடைக்காரருக்குத் தெருவில் 'மொட்டு அண்ணன்' என்றுதான் பெயர். வாங்க வருகிறவர்கள் வீட்டில் இடம் எவ்வளவு, வெயில் எவ்வளவு என்றா யோசிக்கிறார்கள்? மொட்டைப் பார்த்ததும் மயங்கிவிடுகிறார்கள். அதனால் மனுஷர் மொட்டு விட்ட செடிகளாகப் பார்த்து முன்வரிசையில் அடுக்கிவிடுவார். நிழலில் தழைக்கும் பெரணியும் மணிபிளாண்ட்டும் பின்னால் சீந்துவாரில்லாமல் கிடக்கும்.

பின்தெருத் தையல்காரம்மாவும் மொட்டுக்குத்தான் விழுந்தார். முதலில் ரோஜா. மண் மூட்டையை இறக்கிப் போட அண்ணனே போனார். இரண்டு மாடி வீடுகளுக்கு நடுவே சந்து மாதிரி ஒரு கொல்லை; உச்சி வேளையிலும் வெயில் எட்டிப் பார்க்காது. இங்கே ரோஜாவாவது, பூக்கிறதாவது! பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது. வாயைத் திறந்தாரா? விற்ற செடியைத் திருப்பித் தூக்கிக்கொண்டு போக யாருக்கு மனசு வரும்?

ரோஜா செத்தது. "என் கைராசி அப்படிங்க" என்று அந்தம்மாவே பழியை ஏற்றுக்கொண்டார். அடுத்து செம்பருத்தி, அதற்கடுத்து மல்லிகை. ஒவ்வொரு தடவை 'கைராசி' என்று கேட்கும்போதும் அண்ணன் குழாயைத் திருகுகிற சாக்கில் குனிந்துகொள்வார்.

போன வாரம் அந்தம்மா மூன்று காலித் தொட்டிகளோடு கடைக்கு வந்து நின்றார்.

"இதை யாருக்காவது குடுத்துடுங்கண்ணே. இனிமே செடியே வேண்டாம்."

"ஏம்மா?"

"பொண்ணுக்குக் குழந்தை பிறந்து ரெண்டு மாசமாச்சு. நான் இன்னும் தூக்கல. தொட்டதெல்லாம் பட்டுப்போற கை... பயமா இருக்குண்ணே. சட்டை மட்டும் தைச்சுக் குடுத்துட்டுத் தள்ளியே நிக்கிறேன்."

அண்ணன் தொட்டிகளை வாங்கிக் கீழே வைத்தார். அடப்பாவி, என்ன காரியம் செய்துவிட்டேன்!

"உங்க கையில ஒண்ணுமில்லம்மா. அங்க வெயில் வராது. எனக்கு மொத நாளே தெரியும்."

"தெரியுமா?"

தலையை மட்டும் ஆட்டினார். அந்தம்மா திட்டவில்லை, திட்டியிருந்தால்கூடத் தேவலை.

"ரெண்டு மாசத்துக்கு முன்னாடியே சொல்லியிருக்கலாமே" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் காலை அதே மூன்று தொட்டிகளில் பின்வரிசைச் செடிகளை நட்டு, ஆள் வைக்காமல் அண்ணனே சுமந்துபோனார். மன்னிச்சுக்கோம்மா என்று வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே வாசலுக்கு வந்து சேர்ந்தார்.

தையல் மெஷின் ஓடவில்லை. அந்தம்மா மடியில் குழந்தையோடு சுவரில் சாய்ந்திருந்தார். இவரை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"அங்கேயே வெச்சிட்டுப் போங்க. எனக்குக் கை காலியா இல்ல."