பால் வண்டியில் நடந்த சிகிச்சை

நான் உளவியலாளர். என் வேலை நாற்காலியில் உட்கார்ந்து பேசுவதுதான் என்று பல வருடங்கள் நம்பியிருந்தேன். ஏழுமலையின் பால் வண்டியில் ஏறிய காலையில் அந்த நம்பிக்கை போயிற்று.

ஏழுமலை, ஜவ்வாது மலை ஊர்களில் பால் கேன்களை ஏற்றிக்கொண்டு ஆலங்காயத்தில் இறக்கும் டிரைவர். பள்ளத்தில் வண்டி குலுங்கினால் போதும், யார் மேலோ ஏற்றிவிட்டோம் என்று அவருக்குத் தோன்றிவிடும். வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்ப் பார்ப்பார். யாரும் இருக்க மாட்டார்கள். திரும்பி வரும்போது அதே பள்ளம் மறுபடி குலுக்கும். மறுபடி போவார். அதற்குள் பால் திரிந்துவிடும்.

"இன்னொரு வாட்டி பால் கெட்டா சாவியக் குடுத்துட்டுப் போய்ட்டே இரு" என்று முதலாளி சொன்ன பிறகுதான், ஏழுமலையின் மனைவி அமுதா அவரை எங்கள் மருத்துவமனைக்கு இழுத்து வந்தார்.

மனநல டாக்டர் விசாரித்துவிட்டு, இது ஓசிடி, ஒரே சந்தேகம் விடாமல் துரத்தி மறுபடி மறுபடி சரிபார்க்க வைக்கும் நோய் என்றார். மாத்திரை எழுதினார். "பலன் தெரிய சில வாரம் ஆகும். நீங்களா நிறுத்தக் கூடாது. தூக்கம் வர்ற மாதிரி இருந்தா வண்டி எடுக்காம எங்கிட்ட வாங்க."

பிறகு என்னிடம் அனுப்பினார். என் பங்கு இ.ஆர்.பி. என்ற பயிற்சி. பயம் வரும் இடத்துக்கே போக வேண்டும். பயத்தைத் தணிக்க வழக்கமாகச் செய்வதை மட்டும் செய்யக் கூடாது. ஏழுமலைக்கு அது திரும்பிப் போய்ப் பார்ப்பது.

முதலில் சமதளத்தில் ஓட்டினோம். எல்லா டிரைவர்களையும் போல அவர் கண்ணாடியைப் பார்க்கலாம். சந்தேகத்துக்காக மறுபடி பார்க்கக் கூடாது. அது பழகியதும் மலைப்பாதைக்கு வந்தோம். காவலூரைத் தாண்டி ஒரு பள்ளத்தில் வண்டி குலுங்கியது. ஸ்டீயரிங்கில் அவர் கை இறுகியது.

"மேடம், யாரும் இல்லல்ல?"

"தெரியலீங்க."

"இன்னா மேடம், பக்கத்துலயே குந்திகினு வர்றீங்க. பாத்தீங்கதானே?"

"தெரியலீங்க, ஏழுமலை."

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. எனக்கோ 'யாரும் இல்லை' என்ற பதில் நாக்கு நுனியில் வந்து நின்றது. சொன்னால் நிம்மதியாக மூச்சு விடுவார்; அடுத்த பள்ளத்தில் மறுபடி கேட்பார். சொல்லவில்லை. சட்டை நனைய நனைய ஓட்டினார். வளைவுகள் இறங்க இறங்க அவர் தோள்கள் தளர்ந்தன. ஆலங்காயம் நெருங்கும்போது, "டீ சாப்டலாமா மேடம்?" என்றார். பயம் தானாக ஏறி, விட்டுவிட்டால் தானாக இறங்கும் என்று படித்திருக்கிறேன். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தது அன்றைக்குத்தான்.

ஏழுமலையைவிட அமுதாவுக்குச் சொல்லிப் புரியவைப்பதுதான் சிரமமாக இருந்தது.

"யாரயும் இடிக்கலன்னு நான் சொன்னாத்தான் மேடம் சோறு துன்றாரு. அதயும் சொல்லக் கூடாதா?"

"கூடாதும்மா."

"பாவம் மேடம்."

அந்தப் பாவம் பார்ப்பதுதான் நோய்க்குத் தீனி போடுகிறது என்பதை அவர் ஏற்றுக்கொள்ளப் பல சந்திப்புகள் ஆயின.

சில மாதங்கள் கழித்து இருவரும் சிரித்துக்கொண்டே என் அறைக்குள் வந்தார்கள். முந்தின வாரம் ஏழுமலை சாப்பிட வந்தபோது, வழியில் வண்டி குலுங்கியதைச் சொல்லி, "யாரயாச்சும் இடிச்சிருப்பேனா?" என்று கேட்டாராம்.

அமுதா சொன்ன பதில்: "எனக்குத் தெரியாதுய்யா. போலீஸ் வந்தா வரட்டும், அவுங்களுக்கும் சேத்தே கொழம்பு வெச்சிக்கிறேன். நீ குந்தித் துன்னு."

"அதுக்கு மேல இன்னாத்தக் கேக்கறது மேடம்? சிரிப்பு வந்துடுச்சு" என்றார் ஏழுமலை.

மாத்திரை இன்னும் தொடர்கிறது. டாக்டர் மெதுவாகத்தான் குறைப்பார். மோசமான நாட்களும் வருகின்றன. அப்போது பயிற்சியை மறுபடி தொடங்குகிறோம். வண்டி அவரிடம்தான் இருக்கிறது.

இந்த வேலைக்குப் புதிதாக வருபவர்களிடம் நான் சொல்வது இதுதான்: நோயாளி எங்கே பயப்படுகிறாரோ அங்கே நீங்களும் போங்கள். ஆறுதல் சொல்ல வாய் துடிக்கும். சொல்லாதீர்கள், ஆனால் பாதியில் இறங்கிவிடவும் செய்யாதீர்கள்.