தேஜஸ்வினியின் கைப்பிடி

கேதீஸ்வரன் அலுமினியத் துண்டொன்றை வைஸ் இடுக்கியில் இறுக்கி அரத்தால் அராவத் தொடங்கிய அன்றே மனைவி யோகராணி கராஜ் வாசலில் வந்து நின்றாள்.

“என்னப்பா இது?”

“துவக்குக்குப் பூட்டுற பிடி. பின்வீட்டுப் பிள்ளைக்கு.”

அவள் திரும்பிப் போனாள். அன்றைக்கு நாலு மணித் தேத்தண்ணி வரவில்லை.

பென்டில் ஹில்லில் அவர்கள் வீட்டுக்குப் பின்னாலிருந்த சின்ன வீட்டில் வாடகைக்கு இருந்தவள் தேஜஸ்வினி. கோயம்புத்தூர்க்காரி, ஐ.டி. வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் கிளப்புக்குப் போய் ஏர் ரைஃபிளால் கடதாசி இலக்கைச் சுடுவாள். போன வருடம் நடந்த கார் விபத்துக்குப் பிறகு அவளுடைய இடது கையில் இரண்டு விரல்கள் மடங்குவதில்லை. துப்பாக்கியின் எடையைத் தாங்குவதோ அந்தக் கைதான். கடையில் வாங்கிய பிடிகள் எல்லாம் உள்ளங்கையை நோகடித்தன.

கேதீஸ்வரன் லிட்கமில் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டர். அவள் தயங்கித் தயங்கிக் கேட்டபோது இரண்டு நாள் யோசித்தார். துப்பாக்கி கிளப்பின் பெட்டகத்தை விட்டு வெளியே வராது, பிடி மட்டும்தான் வீட்டுக்கு வரும் என்று தெரிந்த பிறகே சம்மதித்தார். மனைவியிடம் மட்டும் கேட்கவில்லை. கேட்டால் என்ன சொல்வாள் என்று அவருக்குத் தெரியும். அவளுடைய தம்பி சுபாங்கன் பத்தொன்பது வயதில் துப்பாக்கிச் சூடுபட்டுச் செத்தவன். அப்போது அவனை மடியில் வைத்திருந்தவள் அவள்.

அடுத்த சனிக்கிழமை காலை தேஜஸ்வினி அளவு பார்க்க வந்தாள். கேதீஸ்வரன் பிடியில் நீல மை பூசி அவளைப் பிடிக்கச் சொன்னார். மை எங்கே கையில் ஒட்டுகிறதோ அங்கே பிடி மேடாக இருக்கிறது, அங்கேதான் அராவ வேண்டும். அராவினார், மறுபடி பூசினார். பத்துத் தரத்துக்கு மேலாயிற்று. மடங்காத விரல்களுக்குக் கீழே ஏதோ ஒன்று சரிவரவே இல்லை.

“வலிக்குதா?”

“பரவால்ல அங்கிள்,” என்றாள் அவள். கண் கலங்கியிருந்தது.

குசினி ஜன்னலிலிருந்து யோகராணி பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். கொஞ்ச நேரத்தில் ரொட்டிக்குக் குழைத்த மா உருண்டையோடு கராஜுக்குள் வந்தாள்.

“இஞ்ச தா பிள்ளை கையை.” மாவை அவள் கையில் வைத்து, நீல மை பட்ட அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பதமாக அழுத்தினாள். “நோகாத மாதிரிப் பிடி. பலமாப் பிடிக்க வேண்டாம்.”

மாவில் கை அப்படியே பதிந்தது. மடங்காத இரண்டு விரல்களும் ஒரு பக்கமாகச் சரிந்து கிடந்தன. கேதீஸ்வரன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் நேராக அராவிக்கொண்டிருந்த இடம் சரிவாக இருக்க வேண்டியது.

“உமக்குப் பிடிக்காதெண்டு தெரியும்,” என்றார் மெல்ல.

“பிடிக்காதுதான்,” என்றாள் யோகராணி. “அதுக்காக பிள்ளையின்ர கை நோகவேணுமே?”

மாவைப் பார்த்துப் பார்த்து அராவ இன்னும் மூன்று கிழமை எடுத்தது. கடைசியில் தேஜஸ்வினி பிடித்துப் பார்த்தாள், விட்டுவிட்டு மறுபடி பிடித்தாள். பிறகு, “ஆன்ட்டி, கை வலியே தெரியல,” என்று யோகராணியைக் கட்டிக்கொண்டாள்.

போட்டி நாளன்று கிளப்புக்கு மூவரும் ஒரே காரில் போனார்கள். “நான் காருக்குள்ளயே இருக்கிறன்,” என்றாள் யோகராணி. கேதீஸ்வரன் வற்புறுத்தவில்லை. பாதிப் போட்டியில் பக்கத்துக் கதிரை அசைந்தது. யோகராணி வந்து உட்கார்ந்திருந்தாள், காதைப் பொத்தும் கருவியை யாரோ மாட்டிவிட்டிருந்தார்கள். ஒவ்வொரு ‘டப்’ சத்தத்துக்கும் அவள் தோள் தூக்கிப்போட்டது. அவர் அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டார்.

பதினான்கு பேரில் தேஜஸ்வினி ஒன்பதாவதாக வந்தாள். முதலாவதாக வந்தவளைவிட அதிகம் சிரித்தாள்.

திரும்பி வரும்போது, பின் ஸீட்டில் அவள் தூங்கிவிட்ட பிறகு, யோகராணி தணிந்த குரலில் சொன்னாள்: “பெருவிரல் பக்கம் இன்னும் கொஞ்சம் அராவ வேணுமப்பா. ரெண்டு தரம் கையை நகத்திப் பிடிச்சவள். நான் பாத்தனான்.”