ஆயுதம் தாங்கிய பதினோரு செம்மறிகள்

தம்பிதுரைக்கு ஐந்து வருஷமாக ஆறாத கோபம் ஒன்று உண்டு. பொற்கொடி போட்ட பிராதில், "பிரதிவாதி பயங்கர ஆயுதங்களுடன் வந்து, வேலியை உடைத்து, வெள்ளாடுகளை விட்டுப் பயிரை அழித்தார்" என்று இருந்தது. அவள் விதைத்த காட்டுக்கு வேலியே கிடையாது. அன்றைக்கு அவர் கையில் இருந்தது டீ கிளாஸ். வக்கீல் குமாஸ்தா ஏதோ பழைய பிராதைப் பார்த்து அப்படியே எழுதியிருக்கிறார். அதிலிருந்து ஊரில் அவர் பெயர் 'ஆயுதம்'.

பொற்கொடி லேசுப்பட்டவள் அல்ல. இருபது வருஷம் நூல் மில்லில், அறுந்த இழையை ஓடுகிற மிஷினிலேயே பிடித்து ஒட்டியவள். மில்லை விட்டு வந்து, கிணத்துக்கடவுப் பக்கம் அரை ஏக்கர் வாங்கி, தன் பேரில் விதைத்த முதல் வெள்ளாமை அந்த மக்காச்சோளம். இடுப்பளவு நின்றதைத் தம்பிதுரையின் ஆடுகள் ஒரே காலையில் முடித்துவிட்டன. அதைக் கோர்ட்டில் ஒருவர் வாய்விட்டு ஒத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான் அவளுக்கு.

தம்பிதுரையின் வக்கீல் பிரான்சிஸ் விடுவாரா?

"என் கட்சிக்காரரிடம் வெள்ளாடே இல்லைங்க ஐயா. எல்லாம் செம்மறி."

பொற்கொடி திருத்த மனு போட்டாள்.

"பிராதில் சோளம் என்கிறார்கள். விதைத்தது மக்காச்சோளம்."

இன்னொரு திருத்த மனு.

"எத்தனை ஆடு? சொல்லவே இல்லையே!"

அறுந்த இடத்திலெல்லாம் ஒட்டினாள். மூன்றாவது மனுவில் பதினோரு செம்மறிக்கும் அடையாளம் எழுதியிருந்தாள். அந்தியூர்ச் சந்தையில் வாங்கிய கிடாய்க்கு இடது காது கிழிசல் என்பது வரைக்கும். ஜட்ஜ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தம்பிதுரை சிரிப்பை இருமலாக மாற்றினார். ஆனால் பிராதில் அந்த ஆயுதம் மட்டும் அசையாமல் அப்படியே இருந்தது.

அன்று கோர்ட் முடிந்து தம்பிதுரை உக்கடத்தில் பஸ் ஏறினால், காலியாக இருந்தது பொற்கொடிக்குப் பக்கத்து சீட்டு ஒன்றுதான்.

"ஏனுங்ண்ணா, உக்காருங்க. ஊரு வரைக்கும் நின்னுட்டேவா வருவீங்க?"

"ஆயுதத்துக்குப் பக்கத்துல உக்கார பயமில்லீங்களா அம்மணி?"

"அத எடுத்துப்போடச் சொல்றனுங்க. அந்தக் கெடாய்க்குக் கிழிசல் எடது காதுதானுங்களே?"

"வலதுங்க."

"அய்யோ! உங்க வக்கீல் புடிச்சுக்குவாரே!"

முன்சீட்டுக்காரர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு இரண்டு பேரும் சிரித்தார்கள். தம்பிதுரை கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மேஞ்சது என்னோட ஆடுதானுங்க அம்மணி" என்றார்.

கிணத்துக்கடவில் இறங்கும்போது பொற்கொடி படியில் நின்று திரும்பினாள்.

"கண்ணால பாத்தது நீங்க ஒருத்தருதானுங்ண்ணா. அடுத்த வாய்தாவுக்கு எனக்கு சாட்சி சொல்ல நீங்களே வந்துருங்க. வாரப்ப அந்தக் கெடாயவும் கையோட புடிச்சுட்டு வாங்க. காதப் பாத்தே எழுதிப்போடலாம்."