பின்கண்ணாடியில் முதலாளியின் நம்பர்

அத்தான் யாரைப் பார்த்தாலும் முதலில் அவர்களுடைய இரண்டு கண்மணிகளுக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்றுதான் பார்ப்பார். அக்காவை முதன்முதலாகப் பார்த்தபோது அவருக்கு மனதில் தோன்றியது "அறுபத்தி ஒண்ணு" என்பதுதானாம். "நான் எப்படி இருந்தேன்னு கேட்டா நம்பர் சொல்றாரு பாரு" என்று அக்கா இன்றைக்கும் குறைப்பட்டுக்கொள்வாள். மூக்குக்கண்ணாடிக் கடையில் பதினாலு வருடமாக லென்ஸ் தேய்த்து ஃப்ரேமில் பொருத்துகிற மனிதருக்கு உலகம் மில்லிமீட்டரில் தெரிவதில் வியப்பில்லை.

அவர் வேலை செய்வது கடையின் பின்னால், ஜன்னல் இல்லாத ஓர் அறையில். சுழலும் கல், அதன்மேல் சொட்டிக்கொண்டே இருக்கும் தண்ணீர், ஃப்ரேமை இளக்கி வளைக்க ஒரு ஹீட்டர். காலை ஒன்பதுக்கு உள்ளே போனால் இரவு ஒன்பதுக்குத்தான் வெளியே. தன் வீட்டு ஹாலில் சாயங்கால வெயில் எந்தச் சுவரில் விழும் என்பது அவருக்குத் தெரியாது. இரண்டாம் வகுப்பு படிக்கும் மகளிடம் பள்ளியில் "அப்பா என்ன பண்றார்?" என்று கேட்டதற்கு "தூங்குறார்" என்று சொல்லியிருக்கிறாள். பாவம், அவள் பார்க்கும் நேரத்தில் எல்லாம் அவர் அதைத்தான் செய்துகொண்டிருப்பார்.

அதனால்தான் அந்த விளம்பரம் வந்தபோது எங்கள் வீடே பரபரத்தது. ஊரின் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் கண்ணாடிப் பிரிவு திறக்கிறார்கள். லென்ஸ் பொருத்த ஆள் வேண்டும். எட்டு மணிக்குப் போனால் நாலு மணிக்கு வீடு. ஞாயிறு முழு விடுமுறை. செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்கு இண்டர்வியூ.

முதலாளிக்குத் தெரியாமல் போக வேண்டும். முதலாளி கெட்டவராக இருந்திருந்தால் சிக்கலே இல்லை, அத்தான் என்றைக்கோ வெளியே வந்திருப்பார். அவரோ நல்லவர். அக்காவுக்குப் பிரசவத்தில் இரத்தம் தேவைப்பட்டபோது மூன்று பேரை அழைத்துக்கொண்டு ஓடி வந்தவர். தான் ஓட்டிய பழைய காரைக்கூட, "என் வீட்ல நின்னு துருப்பிடிக்கிறதுக்கு உன் வீட்ல ஓடட்டும்ப்பா" என்று சாவியைக் கையில் வைத்துவிட்டார். ஆனால் லீவு என்று கேட்டால் மட்டும் அவர் முகம் ஏதோ துக்கச் செய்தி கேட்டதுபோல் ஆகிவிடும். "ஏன், என்ன ஆச்சு?" என்பார். என்னவாவது ஆகியிருந்தால்தான் லீவு. ஆகவே அத்தானுக்கு லீவு தேவைப்படும்போதெல்லாம் அவருடைய மாமியாருக்கு, அதாவது என் அம்மாவுக்கு, ஏதாவது வந்துவிடும்.

"போன தடவ மஞ்சள் காமாலை. அதுக்கு முன்னாடி கால் முறிவு" என்றாள் அம்மா. "இந்தத் தடவையாவது லேசா எதாவது குடுங்க மாப்பிள்ளை."

"மயக்கம்னு சொல்லியிருக்கேன் அத்தை."

"அது போதும். அது நிஜமாவே அப்பப்ப வருது."

அந்தக் காருக்கும் ஒரு வியாதி உண்டு. சூடான பிறகு என்ஜினை அணைத்தால் அரை மணி நேரம் உயிர் வராது. அதனால் நாங்கள் அதை வழியில் அணைப்பதே இல்லை. அக்கா கடைக்குள் போய்ப் பொருள் வாங்கி வரும்வரை அது வாசலில் உறுமிக்கொண்டே நிற்கும். பின்கண்ணாடி முழுக்க ஒரு பெரிய மூக்குக்கண்ணாடிப் படம், "தெளிவாகப் பாருங்கள்" என்ற வரி, கீழே கடையின் போன் நம்பர். முதலாளி ஓட்டிய காலத்தில் ஒட்டியது. தெருப் பிள்ளைகள் அதற்கு சோடாபுட்டி என்று பெயர் வைத்திருந்தார்கள். அக்கா பலமுறை சொல்லியும் அத்தான் அந்த ஸ்டிக்கரைக் கிழிக்கவில்லை. "முதலாளி பார்த்தா மனசு கஷ்டப்படுவார்."

செவ்வாய்க்கிழமை காலை அத்தான் வெள்ளைச் சட்டையில், சான்றிதழ் ஃபைலை என் மடியில் வைத்துவிட்டு, ஸ்டியரிங்கை இரண்டு கைகளாலும் பிடித்திருந்தார். தள்ள ஆள் வேண்டுமே என்று என்னையும் கூட்டிப்போனார். வழியில் ஒரு நீண்ட சிக்னல். புதிதாகப் பலகை வைத்திருந்தார்கள்: சிவப்பு விழுந்தால் என்ஜினை அணைக்கவும்.

அத்தான் அணைத்தார்.

"அத்தான்!"

"என்ன மாப்ளே?"

நான் பலகையைப் பார்த்தேன். அவரும் பார்த்தார். பிறகு சாவியைப் பார்த்தார். யாராவது எதையாவது எழுதி மாட்டினால் அத்தான் அதைச் செய்துவிடுவார். பதினாலு வருடப் பழக்கம். பச்சை விழுந்தது. பின்னாலிருந்தவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் ஹாரனை அழுத்தினார்கள். சோடாபுட்டி ஒரு தடவை இருமியது, அவ்வளவுதான்.

தள்ளினோம். யாரோ இரண்டு பேர் வந்து கைகொடுத்தார்கள். ஒரு ஜெராக்ஸ் கடை வாசல் வரைதான் முடிந்தது. மணி பத்து இருபது. கடைக்கார அம்மா வெளியே வந்து இடுப்பில் கைவைத்து நின்றார்.

"வண்டிய இப்படி என் வாசல்ல நட்டு வச்சா ஆளுங்க எப்படிங்க உள்ள வருவாங்க?"

"அரை மணி நேரம்மா. சூடு ஆறணும்."

"இதென்ன காப்பியா, ஆறுறதுக்கு?"

அத்தான் பானட்டைத் திறந்து உள்ளே விசிறினார். என் மடியில் இருந்த ஃபைலைத்தான் வாங்கி விசிறினார். வண்டியை அங்கே விட்டுவிட்டு டாக்சியில் போய்விடலாம் என்றேன். "அந்தம்மா என்ன நினைப்பாங்க?" என்றார். அவர் எந்தப் பக்கம் திரும்பினாலும் மனம் கஷ்டப்பட ஒரு ஆள் நின்றுகொண்டிருந்தார். கடைசியில் பத்து நாற்பதுக்கு, "சரி, டாக்சி பிடி" என்றார். நான் கையைத் தூக்கினேன். எங்கள் முன்னால் வந்து நின்றது முதலாளியின் புதுக் கார்.

ஜெராக்ஸ் கடை அம்மா முகத்தில் நல்லது செய்த திருப்தி. "பின்னாடி நம்பர் இருந்துச்சு. நான்தான் போன் பண்ணேன். பாவம், எவ்வளவு நேரம் நிப்பீங்க!"

முதலாளி இறங்கினார். எழுபது வயதிலும் வேகமாக நடப்பவர்.

"ஏம்ப்பா, கார் மக்கர் பண்ணுதுன்னா எனக்கு ஒரு வார்த்தை சொல்ல மாட்டியா? நான் என்ன செத்தா போயிட்டேன்?" என்றவர் காருக்குள் குனிந்து பார்த்தார். "மாமியார் எங்க?"

அத்தான் ஃபைலை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். முதலாளி என் பக்கம் திரும்பினார். "அம்மா எங்க தம்பி?"

எனக்கு ஆட்களோடு பேச வராது. பேசினால் தேவையில்லாததைப் பேசுவேன். "முன்னாடியே டாக்சில ஆஸ்பத்திரிக்குப் போயிட்டாங்க" என்றேன்.

"தனியாவா விட்டீங்க? மயக்கம் வர்ற மனுஷியையா? எந்த ஆஸ்பத்திரி?"

அத்தான் இண்டர்வியூ நடக்கும் ஆஸ்பத்திரியின் பெயரைச் சொன்னார். அவருக்கு வேறு எந்தப் பெயரும் அப்போது நினைவுக்கு வரவில்லை என்று பிறகு சொன்னார்.

"ஏறுங்க ரெண்டு பேரும். நான் கொண்டு போய் விடுறேன். சோடாபுட்டிய மெக்கானிக் பார்த்துக்குவான்." தெருப் பிள்ளைகள் வைத்த பெயர் அவருக்கும் தெரிந்திருந்தது.

பின்சீட்டில் உட்கார்ந்தோம். முதலாளி தன் பேரப்பிள்ளைகளுக்காகப் பின்கதவுகளை உள்ளிருந்து திறக்க முடியாதபடி பூட்டி வைத்திருந்தார். கண்ணாடியும் இறங்காது. ஏசி சில்லென்று அடித்தது, அத்தானுக்கு வேர்த்தது. ஃபைலைச் சட்டைக்குள் விட்டு வயிற்றோடு அணைத்துக்கொண்டார்.

"காலைல நீ இல்லாம ரெண்டு லென்ஸ் உடைஞ்சிடுச்சு" என்றார் முதலாளி. "புதுசா வந்தவன் கல்லுல வச்சு அழுத்துறான். லென்ஸ அழுத்தக் கூடாது, கல்லு எவ்வளவு கேக்குதோ அவ்வளவுதான் குடுக்கணும்னு நீதானே சொல்லுவ? அத அவன்கிட்ட சொன்னேன். முழிக்கிறான்." சிறிது தூரம் போனதும் மீண்டும் சொன்னார்: "உன்ன மாதிரி ஒருத்தன் கிடைக்க மாட்டான்ப்பா. என் பையன்கிட்டயே சொல்லியிருக்கேன், எனக்குப் பிறகும் நீ கடையிலதான் இருப்பன்னு."

அத்தான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். மூடிய கண்ணாடிக்குப் பின்னால் தெரு சத்தமில்லாமல் ஓடியது.

பதினோரு மணி ஆகப் பத்து நிமிடம் இருந்தது, ஆஸ்பத்திரி வாசலில் முதலாளி இறங்கி வந்து எங்களுக்குக் கதவைத் திறந்துவிட்டபோது. உள்ளே போய் வரவேற்பு மேசையில் அவரே கேட்டார். "மயக்கம்னு ஒரு அம்மா தனியா வந்திருப்பாங்களே?"

அந்தப் பெண் பட்டியலைப் பார்த்தாள். "பேர் சொல்லுங்க சார்."

முதலாளி என்னைப் பார்த்தார். சுவரில் கடிகாரம். அதற்குக் கீழே அம்புக்குறி போட்ட தாள்: நேர்முகத் தேர்வு, மூன்றாவது மாடி. அத்தான் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சட்டைக்குள் கைவிட்டு ஃபைலை வெளியே எடுத்தார்.

"அத்தைக்கு ஒண்ணுமில்ல முதலாளி. வீட்ல டிவி பார்த்துட்டு இருக்காங்க. நான் இங்க ஒரு வேலைக்கு இண்டர்வியூக்கு வந்தேன்."

பதினாலு வருடத்தில் அவர் முதலாளியிடம் சொன்ன நீளமான உண்மை அதுவாகத்தான் இருக்கும். முதலாளி கோபப்படுவார் என்று நினைத்தேன். கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"எத்தனை மணிக்கு?" என்றார்.

"பதினொண்ணு."

"அப்ப போ. லேட் பண்ணாத. நான் இங்கயே உக்காந்திருக்கேன்."

"நீங்க கடைக்கு..."

"வண்டி இல்லாம நீ எப்படித் திரும்பி வருவ? போப்பா."

அத்தான் படியேறினார். நானும் முதலாளியும் பச்சை நாற்காலிகளில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தோம்.

"தம்பி, உங்கம்மாவுக்குக் கால் முறிஞ்சதே... அதாச்சும் நிஜமா?"

நான் தரையைப் பார்த்தேன்.

"பழம் வாங்கி அனுப்பினேனே" என்றார் அவர், தனக்குள்.

மேலே நடந்ததை அத்தான் பிறகு எனக்குச் சொன்னார். ஒரு லென்ஸைக் கொடுத்துத் தேய்க்கச் சொன்னார்களாம். கையில் வாங்கியதும் பயமெல்லாம் போய்விட்டதாம். அதன்பின் ஒருவர் கேட்டிருக்கிறார், இப்போது இருக்கிற வேலையை ஏன் விடுகிறீர்கள் என்று. அத்தான் ராத்திரியெல்லாம் மனப்பாடம் செய்த பதிலை விட்டுவிட்டு, "எங்க முதலாளி கீழ உக்காந்திருக்கார் சார்" என்றாராம். கார் நின்றது, அவரே கொண்டுவந்து விட்டது எல்லாவற்றையும் சொல்ல, மூன்று பேரும் சிரித்துவிட்டார்கள்.

"இவ்வளவு நல்ல மனுஷன விட்டுட்டு ஏன் வர்றீங்க?"

சுவரில் விழும் சாயங்கால வெயிலை எப்படிச் சொல்வது? தேய்த்த லென்ஸைத் துடைத்து மேசையில் வைத்தாராம். "சரி, இன்னைக்கே போன் பண்றோம்" என்று அனுப்பிவிட்டார்கள்.

நேராகக் கடைக்கு வந்தோம். ஆறு ஆர்டர் காத்திருந்தது. அத்தான் வெள்ளைச் சட்டைக்கு மேல் கடையின் நீலக் கோட்டை மாட்டிக்கொண்டு பின்னறைக்குள் போனார். வண்டி வரும்வரை என்னை அந்த அறையின் மூலையில் ஒரு ஸ்டூலில் உட்காரச் சொன்னார்கள்.

மூன்றரை மணிக்கு, கவுண்டரில் சார்ஜில் கிடந்த அத்தானின் போன் அடித்தது. முதலாளி அதை எடுத்துக்கொண்டு உள்ளே வந்தார். அத்தானின் இரண்டு கைகளும் ஈரம், விரல்களுக்கு நடுவே லென்ஸ்.

"பேசு" என்று சொல்லி, முதலாளியே போனை அவர் காதில் வைத்துப் பிடித்துக்கொண்டார்.

கல் சுற்றுவது நின்றதும் அறை அவ்வளவு அமைதியாகிவிட்டது. அந்தப் பக்கத்துக் குரல் எனக்கே கேட்டது. உங்கள் கைவேலை எல்லோருக்கும் பிடித்திருக்கிறது, ஒன்றாம் தேதி வந்து சேர்ந்துவிடுகிறீர்களா என்றது.

அத்தான் முகத்துக்கும் முதலாளி முகத்துக்கும் நடுவே ஒரு சாண் இடம்தான் இருந்தது. முதலாளி மிரட்டவில்லை, கெஞ்சவில்லை. போன் வழுக்கிவிடாமல் இருக்கக் கொஞ்சம் அழுத்திப் பிடித்தார்.

"யோசிச்சுச் சொல்றேன் சார்" என்றார் அத்தான்.

"அஞ்சு மணிக்குள்ள சொல்லிடுங்க. இல்லைன்னா அடுத்த ஆளைக் கூப்பிடணும்."

"சரி சார்."

முதலாளி போனில் பட்ட ஈரத்தைத் தன் சட்டையில் துடைத்து, அத்தானின் மேசையில், கைக்கு எட்டும் தூரத்தில் வைத்தார். "நிதானமா யோசி. உன் இஷ்டம்தான். நான் எதுவும் சொல்ல மாட்டேன்" என்றார். போகும்போது பின்னறைக் கதவை, சத்தம் தொந்தரவாக இருக்கக் கூடாதே என்று, மெதுவாகச் சாத்திவிட்டுப் போனார்.

கல் மறுபடி சுழன்றது. முதல் ஆர்டர் முடிந்தது, இரண்டாவது முடிந்தது. அத்தான் ஒவ்வொரு லென்ஸையும் விளக்கில் தூக்கிப் பார்த்துத் துடைத்தார், வைத்தார், அடுத்ததை எடுத்தார். நான் போனையும் அவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன். மணி ஐந்தாக இரண்டு நிமிடம் இருந்தபோது என்னால் பொறுக்க முடியவில்லை.

"அத்தான், போன் பண்ணலையா?"

அவர் தலையைத் தூக்கவில்லை.

"இந்த லென்ஸ மட்டும் முடிச்சிடுறேன் மாப்ளே."