முளைப்பாரிக்காகச் சாத்திய கதவு

தாராவியில் எங்கள் சந்து இருக்கும் இடம் முன்பு வெறும் சேறு. என் மாமனார் காலத்து ஆட்கள் செங்கல் உடைசலும் சாம்பலும் கொட்டி நிரவிக் குடிசை போட்டார்கள். கூடவே அம்மனுக்கு ஒரு கல்லையும் நட்டார்கள். அந்தக் கல்லுக்குத்தான் வருஷா வருஷம் கொடைத் திருவிழா. முளைப்பாரி வளர்ப்பது எங்கள் வீட்டில். மாமியாருக்குப் பிறகு நான்.

எட்டு நாள் கதவைச் சாத்தி, இருட்டில் பயறு முளைக்க வேண்டும். ஆண் கண் படக் கூடாது. என் மகனே அந்த எட்டு நாளும் வேலை பார்க்கும் பட்டறையில்தான் படுப்பான்.

போன கொடையில் ஐந்தாம் நாள், முளைக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தேன். கதவைத் தட்டி, "கோயி ஹை கியா?" என்று உள்ளே ஆள் இருக்கிறதா எனக் கேட்டது ஓர் ஆண் குரல். சந்தை இடித்து மாடிக் கட்டடம் கட்டப் போகிறார்களாம். அதற்காக வீடு வீடாக அளந்து நம்பர் ஒட்டுகிறவர்கள். நம்பர் இருந்தால்தான் புதுக் கட்டடத்தில் வீடு. எனக்குத் தெரியும். திறந்தால் முளையைப் பார்த்துவிடுவார்கள். உள்ளிருந்து ஒரு குரலாவது கொடுத்திருக்கலாம். அந்நிய ஆணுக்குப் பதில் சொல்லி எனக்குப் பழக்கமில்லை. செம்பும் கையுமாக நின்றேன். மூன்று தடவை தட்டிவிட்டுப் போய்விட்டார்கள்.

சாயங்காலம் மகன் சந்தில் நின்றபடியே கேட்டான். "எல்லாக் கதவுலயும் நம்பர் இருக்கு. நம்ம கதவுல எங்கம்மா?"

"உள்ள சாமி இருக்குல்லா."

"சாமிக்கு வீடு குடுப்பான். ஒனக்கு?"

நம்பர் ஒட்டுகிறவர்களின் ஆபீஸுக்குப் போய்க் கேட்டான். ஆள் இல்லாத வீடு என்று எழுதியிருந்ததாம். திரும்ப வருவோம் என்றார்களாம். வரவில்லை. நம்பர் இல்லாவிட்டால் எங்கோ தூரத்தில் மான்குர்த் பக்கம் தள்ளிவிடுவார்கள் என்கிறார்கள் சிலர். அதுகூடக் கிடையாது என்கிறார்கள் சிலர். அன்றிலிருந்து பகலில் நான் கதவைச் சாத்துவதே இல்லை. கக்கூஸுக்குப் போனாலும் பக்கத்து வீட்டு மதினியை வாசலில் உட்காரவைத்துவிட்டுத்தான் போகிறேன்.

இந்த வருஷமும் கொடை வந்துவிட்டது. இன்று காலை அந்த மதினியும் நாலைந்து பெண்களும் ஊறவைத்த பயறோடு வந்தார்கள்.

"கதவச் சாத்துங்க மதினி, வெதைச்சிருவோம்" என்றாள் வந்தவர்களில் ஒருத்தி.

"இந்த வருஷம் வேற வீட்டுல வைங்க." தலையைத் தூக்காமல்தான் சொன்னேன்.

"வேற எங்க எடம் இருக்கு? எல்லா வீட்டுலயும் மேலயும் கீழயும் ஆளுவ கெடக்காவ. ஒங்க வீட்டுலதான் ரெண்டே பேரு."

பயறு மூட்டையை வாசற்படியில் வைத்துவிட்டுப் போனார்கள். இப்போது பொழுது சாய்கிறது. சந்து முனையையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். நம்பர் ஒட்டுகிறவர்கள் யாரும் வரவில்லை. துணிக்குள் பயறு வெடிக்கத் தொடங்கிவிட்டது. கதவைச் சாத்தத்தான் கை போகவில்லை.